ஆற்றைத் தாண்டினால் கேட்கலாம்

இந்தக் கோடையில் மாமனார் இல்லாமல் கடல் பார்ப்பது என்று சிவகணேஷ் முடிவு செய்தான். கல்யாணமான பிறகு அவன் தன்னந்தனியாக எடுத்த முதல் முடிவு அது. எடுத்த கையோடு அவனுக்கு வியர்த்தது.

மாமனார் பிச்சைக்கண்ணு கெட்டவர் இல்லை. குடி கிடையாது. பீடி கிடையாது. வெற்றிலைகூடக் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் கேள்வி. முக்கூடலில் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெருமாள்புரத்தில் மகனோடு வந்து இருக்கிறார். மகன் வீட்டுக்கு அடுத்த தெருவில் மகள் வீடு. தினமும் காலைக் காப்பிக்கு மகள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு மடக்குக் காப்பி, ஒரு கேள்வி. காப்பி தீர்ந்துவிடும்.

"மாப்ளே, இந்த இன்வெர்ட்டர்ல கரண்டு எங்கன போய் இருக்கு?"

"பேட்டரியில மாமா."

"பேட்டரியில எங்கன?"

"உள்ள தகடு இருக்கும். திராவகம் இருக்கும்."

"சரி. கரண்டு தகட்டுல இருக்கா, திராவகத்துல இருக்கா?"

சிவகணேஷ் பாளையங்கோட்டையில் ஓர் இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்க்கிறான். ஊரில் பாதி வீடுகளுக்கு அவன் விற்ற இன்வெர்ட்டர்தான். ஆனாலும் அன்றைக்கு அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே ஓடினான். மாமாவின் முதல் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கும். இரண்டாவதற்கும் ஒருமாதிரி இருக்கும். மூன்றாவது கேள்விக்கு இருந்ததே இல்லை. அந்த மூன்றாவது கேள்வி வரும் நேரம் பார்த்து அவன் மனைவி இசக்கிச்செல்வி அடுக்களை வாசலில் வந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டே, 'இவர் என்ன சொல்லப் போகிறார்' என்று ஆர்வமாகப் பார்ப்பாள். அதுதான் அவனுக்குத் தாங்காது.

போன கோடையில் கன்னியாகுமரி போனார்கள். படகுக்கு வரிசையில் நின்றபோது, கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் மாமா, "இந்த முடிச்சுக்கு என்ன பேரு தம்பி?" என்றார். அவருக்கும் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆசை ஆசையாகச் சொல்லத் தொடங்கினார். படகு போய்விட்டது. அடுத்த படகும் போய்விட்டது. சிவகணேஷ் இட்லித் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தான். முக்கடலும் கூடும் இடத்தில் அவன் கண்டது அந்தத் தூக்குச்சட்டியின் மூடி ஒன்றைத்தான்.

ஆகவே, இந்த வருஷம் தரங்கம்பாடி. அவன், மனைவி, மகள் ஆதிரா. மூன்றே பேர்.

கடை முதலாளி நாறும்பூநாதன் அண்ணாச்சியிடம் கோடையில் லீவு கேட்பது, தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடையில் லீவு கேட்பது மாதிரி. அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கடைசியில் செவ்வாய், புதன், வியாழன் என்று கொடுத்தார். சிவகணேஷ் மூன்று மாதமாகத் தரங்கம்பாடியைப் படித்துக்கொண்டிருந்தான். செல்போனில் படித்தான், பேருந்தில் படித்தான், கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே படித்தான். இந்த முறை மனைவி முன்னால் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவனாக அவன் நடப்பான்.

"ஆயிரத்து அறுநூத்து இருபதுல கட்டின கோட்டை செல்வி. டென்மார்க்கு ராசாவுக்காகக் கட்டினது. கடலைப் பாத்த மாதிரி இருக்கும்."

இசக்கிச்செல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "டென்மார்க்கு எங்க இருக்கு?"

"ஐரோப்பாவுல. ஒரே பனி."

"பனியில கெடந்தவன் சித்திரை வெயில்ல இங்க வந்து என்ன செஞ்சான்?"

"மிளகு வாங்கினான்."

"கோட்டைக்குப் பக்கத்துல வேற என்ன இருக்கு?"

சிவகணேஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. "கடற்கரையிலேயே ஒரு சிவன் கோயில் இருக்கு. பழைய கோயில். முன்பக்கத்தையெல்லாம் கடல் அரிச்சு அரிச்சுத் தின்னுட்டு. மிச்சத்தைப் பாக்கவே அவ்வளவு அழகா இருக்குமாம்."

கீரை உருவிய கை நின்றது.

"கோயிலையே தின்ன கடலுக்கா எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போறிய?"

"அது பல வருசமா நடந்தது செல்வி. ஒரே நாள்ல தின்னுடல."

"பிள்ளை ஒரே நாள்ல ஓடிருவா. கன்னியாகுமரியில ஓடினால்லா. அப்ப நீங்க எங்க இருந்திய?"

"தூக்குச்சட்டியப் பிடிச்சிட்டு இருந்தேன்."

"நான் செருப்பத் தேடிட்டு இருந்தேன். அப்பா அந்தக் கயித்துக்காரர்கிட்ட பேசிட்டேதான் இருந்தாவ. ஆனா பிள்ளையோட கவுன் நுனி அவுங்க கையில இருந்துச்சு. அதனால படியோட நின்னா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தண்ணின்னாலே பயமா இருக்குங்க. வாளித் தண்ணியில அவ கையை விட்டாக்கூட எனக்கு நெஞ்சு அடைக்கு. அப்பாவையும் கூட்டிட்டுப் போவோம்."

"நம்ம ரெண்டு பேரு இருக்கோம். நாலு கண்ணு இருக்கு. போதாதா?"

"உங்க கண்ணு ரெண்டும் செல்போன்ல இருக்கும்."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவன் பேசினான். மனைவியும் பிள்ளையுமாகத் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு அலையாவது பார்க்க வேண்டும் என்று கெஞ்சினான். செல்போனை எடுக்கவே மாட்டேன் என்றான். கடைசியில், "எங்க போறோம்னு உங்க அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றான்.

"எங்க போறோம்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்த அடுப்பு மேல சத்தியம்."

"அவரைக் கூப்பிடவும் கூடாது."

"சரி," என்றாள் இசக்கிச்செல்வி.

அவள் ஒற்றைச் சொல்லில் சரி என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினால், விஷயம் முடிந்துவிட்டது என்று சிவகணேஷ் நினைத்துக்கொள்வான். ஆறு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, தூசி தட்டி, கூடத்தில் வைத்தான். அப்போதுதான் மாமா காப்பிக்கு வந்தார். பையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள், ஆதிரா முந்திக்கொண்டாள்.

"அப்பா, நாம எங்கப்பா போறோம்?"

சிவகணேஷ் பாய்ந்து போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினான். பொத்திய பிறகு ஏதாவது காரணம் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் அவனுடைய அம்மா சொல்லுவது நினைவுக்கு வந்தது. "கெளம்புறவங்களை எங்க போறேன்னு கேக்கக் கூடாதும்மா. கேட்டா போற காரியம் வெளங்காது. தூரமா போறியளான்னுதான் கேக்கணும்."

அந்த வழக்கம் ஊரறிந்தது. மாமாவுக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவருக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

"எவ்வளவு நேரத்துக்குக் கேக்கக் கூடாது மாப்ளே?"

சிவகணேஷ் இதை எதிர்பார்க்கவில்லை. "ஆத்தைத் தாண்டுற வரைக்கும் மாமா. தாண்டின பெறகு கேக்கலாம்."

"இது எந்த ஊரு வழக்கம்?"

"எங்க ஊரு வழக்கம்."

"சாத்தான்குளத்துல ஏது ஆறு?"

மூன்றாவது கேள்வி. அடுக்களை வாசலில் இசக்கிச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சிவகணேஷ் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல் தேய்த்துவிடப் போனான். ஏற்கெனவே தேய்த்த பல். ஆனாலும் அன்று வெற்றி அவனுக்குத்தான். கேட்க முடியாத கேள்வி மாமாவின் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. காப்பி அதைத் தாண்டி இறங்கவில்லை. பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து மாமா மிச்சம் வைத்த முதல் காப்பி.

ஆனால் பை கண்ணில் பட்டுவிட்டதே. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், மாமா நடைப்பயிற்சிக்கு வரும் நேரம். எங்கே என்று கேட்க மாட்டார்; கூடவே ஏறி உட்கார்ந்துவிடுவார். பை முன்கூட்டியே வீட்டை விட்டுப் போக வேண்டும். சிவகணேஷ் யோசித்தான். அவன் மூளையில் பல்பு எரிந்தது. அவன் விற்ற இன்வெர்ட்டர் எதுவும் அப்படி எரியவைத்ததில்லை.

"செல்வி, செவ்வாக்கிழமை வடக்கே சூலம்," என்றான். "அன்னைக்கு வடக்க பயணம் வைக்கக் கூடாது."

"பால் குடிச்சிட்டுப் போனாப் போதும்லா. அதான பரிகாரம்?"

"நானூறு கிலோமீட்டருக்கு ஒரு தம்ளர் பால் எப்படிக் காணும்? பரஸ்தானம் வச்சிருவோம். திங்கக்கிழமையே நல்ல நேரத்துல பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டுல வச்சிட்டா, பயணம் அன்னைக்கே கெளம்பின கணக்கு. செவ்வாக்கிழமை நாம சும்மா போய் ஏறிக்கிடலாம்."

இசக்கிச்செல்வி அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ராகு காலத்தில் தாலி கட்டினால் என்ன என்று கேட்டவன் அவன். "யாரு வீட்டுல வைக்கப் போறிய?"

"மேலப்பாளையத்துல மைதீன் வீட்டுல. அவன் காருலதான போறோம்."

"வடக்கே போறதுக்கு மேற்க கொண்டுபோய் வைக்கணுமாக்கும்?"

"கார் அங்கன நிக்கே, என்ன செய்ய?"

முகம்மது மைதீன் அவனுடன் படித்தவன். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். திங்கட்கிழமை காலை சிவகணேஷ் கடைக்குப் போவதற்கு முன் பையை அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். மதியம் இசக்கிச்செல்வியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, பிள்ளையோட காய்ச்சல் மருந்து பையோட போயிட்டு. சாயங்காலம் வாரப்ப பையை எடுத்துட்டு வாங்க. இன்னொரு தடவை ஒழுங்கா அடுக்கிருதேன்."

விடிந்தால் மாமா வரும் நேரத்தில் மறுபடியும் பையா? "அது முடியாது செல்வி. பரஸ்தானம் போனது திரும்ப நம்ம வாசப்படி ஏறக் கூடாது. ஏறினா பயணமே போச்சு."

"அப்படியா?"

"அதான் முறை."

"பயணத்துக்குன்னு கெளம்பிப் போனது எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும். வெளிய போனது போனதுதான்."

"சரி," என்றாள் இசக்கிச்செல்வி. மருந்து வேறு வாங்கிக்கொள்கிறேன் என்று போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஆட்டோ நிற்கிறது. வீட்டுக்குள்ளே மாமா. சலவை வேட்டி, தோளில் துண்டு, ஒரு துணிப்பை, குடை. நெற்றி நிறையத் திருநீறு.

"நானும் கொஞ்சம் வெளிய கெளம்புதேன் மாப்ளே," என்றார்.

சிவகணேஷுக்கு எங்கே என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தானே சொன்ன வழக்கம். "தூரமா மாமா?"

"தூரம்னுதான் நெனைக்கேன்."

"வர நாளாகுமா?"

"அது எனக்கே தெரியலையே மாப்ளே. ரெண்டு மூணு நாள் ஆகும்போல."

ஏதாவது கோயில் கொடையாக இருக்கும். முக்கூடல் பக்கம் கல்யாணமாக இருக்கும். எதுவாக இருந்தால் என்ன. சாமி கண்ணைத் திறந்துவிட்டது. துணிப்பையை மாமா கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஆட்டோவில் கொண்டு வைத்தான். இசக்கிச்செல்வி அடுக்களையிலிருந்து தூக்குச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. "வழிக்கு ஆகும்," என்றாள். அதையும் சிவகணேஷே வாங்கி, கவிழாமல் மாமாவின் காலடியில் பத்திரமாக வைத்தான். "பையப் பைய ஓட்டும்வே, பெரியவரு இருக்காரு," என்று ஆட்டோக்காரரிடம் சொன்னான். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டினான்.

"உங்க அப்பா நல்ல மனுசன் செல்வி," என்றான் உள்ளே வந்து.

"ஆமா," என்றாள் அவள். "சொன்னாக் கேப்பாவ."

செவ்வாய் விடியற்காலை. பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்கள். கையில் ஒரு பொட்டுச் சாமான் இல்லை. பார்த்தவர்கள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சிவகணேஷ் வழியெல்லாம் விசிலடித்தான். மேலப்பாளையத்தில் தறிச் சத்தம்கூடத் தொடங்கவில்லை. மைதீன் வீட்டு வாசலில் கார் தயாராக நின்றது. கண்ணாடி துடைத்திருந்தது. பின்கதவைத் திறந்தான்.

மாமா உட்கார்ந்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, குடையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குச்சட்டி.

சிவகணேஷ் கதவை மூடினான். மறுபடி திறந்தான். அப்படியேதான் இருந்தார்.

"என்னவே இது?" என்றான் மைதீனிடம்.

"உம்ம மாமா நேத்து சாயங்காலமே வந்துட்டாவ. பரஸ்தானம்னு சொன்னாவ. நீரு வச்ச பைக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுத்தாவ." மைதீன் பின்பக்கம் பையை ஏற்றிக்கொண்டே சொன்னான். "எங்க உம்மாகிட்ட நெய்ச்சோத்துக்கு எதுக்குத் தேங்காப்பால்னு கேட்டாவ. உம்மா இன்னும் பதில் சொல்லி முடிக்கல."

அவன் உம்மா மஹ்மூதா பீவி வாசலில் நின்று, "இன்னொரு நாள் வாங்க அண்ணாச்சி, மிச்சத்தைச் சொல்லுதேன்," என்றார்.

சிவகணேஷ் மனைவியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "அடுப்பு மேல சத்தியம் பண்ணினியே செல்வி."

"பண்ணினேன். எங்க போறோம்னு அப்பாவுக்கு இந்த நிமிசம்வரை தெரியாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"கூப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்லா."

"கூப்பிடல. நாளைக்குக் கெளம்புதோம், பை இன்னைக்கே மைதீன் வீட்டுக்குப் பரஸ்தானம் போயிட்டுன்னு மட்டும்தான் அப்பாகிட்ட சொன்னேன். ஆளும் போலாமாம்மான்னு கேட்டாவ. அவுங்க கேள்விக்கு நான் எப்பவும் பதில் சொல்லிருவேன்லா. போலாம்னேன்."

"பரவால்ல. இப்பவே ஒரு ஆட்டோ பிடிச்சு வீட்டுல கொண்டுபோய்..."

"எப்படிங்க? வெளிய போனது திரும்ப வாசப்படி ஏறக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய. எதுவா இருந்தாலுமான்னு கேட்டேன். எதுவா இருந்தாலும்னிய." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைத் தோற்கடித்தது. "போதாக்குறைக்கு நேத்து நீங்களே உங்க கையால ஏத்திவிட்டிய. டாட்டா வேற காட்டினிய."

அவன் பதில் தேடிக்கொண்டு காரைப் பார்த்தான். ஆதிரா ஏற்கெனவே ஏறியிருந்தாள். பின்சீட்டில் நின்றுகொண்டு எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. சிவகணேஷ் அதை அப்போதுதான் கவனித்தான். ஆனால் அவள் விழவில்லை. மாமா நேர் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கவுன் நுனி அவர் கைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

இசக்கிச்செல்வியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் கடலைப் பாப்பேங்க," என்றாள். "இல்லன்னா மூணு நாளும் பிள்ளையத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன். நீங்க கோட்டையைச் சொல்லச் சொல்ல எனக்கும் பாக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு."

சிவகணேஷ் சுற்றிப் போய் அந்தக் கதவை அழுத்திச் சாத்திவிட்டு, முன்சீட்டில் ஏறினான். பின்னால் இடம் நெருக்கடி என்று இசக்கிச்செல்வி தூக்குச்சட்டியை முன்னால் நீட்டினாள். அவன் மடியில் வாங்கிக்கொண்டான். போன வருஷத்துத் தூக்குச்சட்டியேதான். மூடியில் இருந்த நெளிவுகூட அவனுக்கு மனப்பாடம்.

கார் புறப்பட்டது. மாமா பேசவில்லை. கடைகள் போயின, சிக்னல் போனது, ஒரு லாரி இவர்களை உரசாத குறையாக முந்திப் போனது. அவர் பேசவில்லை. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டார். மைதீன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேவே?" என்றான்.

வண்ணார்பேட்டைப் பாலம் வந்தது. கீழே தாமிரபரணி கோடைக்கு மெலிந்து, பாறைகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. கரையில் யாரோ வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா முதுகை நிமிர்த்தினார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடியும் இடத்தையே குறிபார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முடிந்தது.

"மாப்ளே, ஆறு தாண்டியாச்சு. இனிமே கேக்கலாம்லா?"

"கேளுங்க மாமா."

"எங்க போறோம்?"

"தரங்கம்பாடி."

"அங்க என்ன இருக்கு?"

"டென்மார்க்குல இருந்து கப்பலேறி வந்தவங்க கட்டின கோட்டை இருக்கு. ஆயிரத்து அறுநூத்து இருபதுல," என்றான் சிவகணேஷ். தெளிவாகவே சொன்னான். ராஜாவின் பெயரும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பின்னால் இசக்கிச்செல்வி முன்னால் சாய்ந்து, ஆர்வமாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அவ்வளவு தூரத்துக்கு அவன் கப்பலேறக் கெளம்புறப்ப, எங்க போறேன்னு அவன் வீட்டுல யாரும் கேக்கலியா மாப்ளே?"

சிவகணேஷ் தூக்குச்சட்டியைத் திறந்து, ஓர் இட்லியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டான். தரங்கம்பாடிக்கு இன்னும் நானூறு கிலோமீட்டர் இருந்தது.